உப்புக் காத்துல ஒன்றரை வருஷம் நின்ன வண்டி

சித்தப்பா தார்ப்பாயை உருவிவிட்டு, “பாத்தியா, ஒரு பொட்டுத் தூசி இல்ல” என்றார். தூசி இல்லைதான். செயின் முழுக்கச் செங்கல் நிறம். ஸ்போக்ஸ் கம்பிகளின் அடியில் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. சைலன்சரின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும் போலிருந்தது. நான் சிங்கப்பூரில், துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவன். இரும்பை உப்பிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் வாங்குகிறேன். சொந்த வண்டியை இந்தக் கதியில் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

வண்டி 2013-ல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350. அதன் 20 லிட்டர் டாங்குக்காகவே வாங்கியது. ஒரு தடவை நிரப்பினால் 600 கிலோமீட்டருக்குப் பங்க் பக்கமே திரும்ப வேண்டாம். 2020-ல் கம்பெனி இந்த மாடலை நிறுத்திவிட்டு மீட்டியோரைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் இன்ஜின் அந்தக் காலத்து கிளாசிக் 350-ல் இருந்ததேதான் என்பதால் கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் சாமான் எல்லாம் கிடைக்கும். மீட்டரோ பின் லைட்டோ போனால்தான் ஊர் ஊராக அலைய வேண்டும்.

வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில். வடக்கே பெண் கடல் என்கிற பாக் விரிகுடா, தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடித்தால் வடக்கிலிருந்து உப்பு வரும், கச்சான் காற்று அடித்தால் தெற்கிலிருந்து வரும். நடுவில் நிற்கிற இரும்புக்கு லீவே கிடையாது. 2023 டிசம்பரில் கடைசியாக ஓட்டினேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு 2025 ஜூனில் வந்து இறங்கியபோது நான்கு வாரம் கையில் இருந்தது. தனுஷ்கோடி, தொண்டி, அப்புறம் கடலோரமாகவே தூத்துக்குடி. இதுதான் திட்டம்.

முதல் ஐந்து நாள் வண்டியில் ஏறவே முடியவில்லை. காரணம் வண்டி இல்லை, என் லைசென்ஸ். நான்கு மாதம் முன்பே முடிந்திருந்தது. காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்பதால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, புதுப்பித்தால் போதும். நாற்பது வயதைத் தாண்டியவன் என்பதால் டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். இதெல்லாம் எளிது. ஆனால் லைசென்ஸோடு பதிந்திருந்தது என் பழைய இந்திய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது எப்போதோ செத்துப்போயிருந்தது. ஓடிபி யாருடைய போனுக்குப் போனதோ, கடவுளுக்கே வெளிச்சம். நம்பரை மாற்றவும் ஓடிபி கேட்டது! கடைசியில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை பொறுமையாக வேறு வழியில் நம்பரை மாற்றிக் கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பைக்கை மறந்தாலும் மறந்துவிடுங்கள், அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ண மறக்காதீர்கள். முன்பெல்லாம் லைசென்ஸ் முடிந்தபின் 30 நாள் சலுகை இருந்தது, 2019 சட்டத் திருத்தத்தில் அதுவும் போய்விட்டது.

இன்ஷூரன்ஸ் போனிலேயே முடிந்தது. புகைச் சான்றிதழ் பங்க் ஓரத்து வேனில் பத்து நிமிடம். பழைய புகை விதிப்படி வந்த பிஎஸ்-3 வண்டி என்பதால் ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள்.

இந்த ஐந்து நாளை வீணாக்க வேண்டாமே என்று வண்டியை நகரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஏசி ஹால், காப்பி மெஷின், கம்ப்யூட்டர் பில். புது பேட்டரி, புது செயின் ஸ்ப்ராக்கெட், ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், வாட்டர் வாஷ், பாலிஷ் என்று பதினோராயிரத்துச் சொச்சம். பேட்டரியும் செயினும் மாற்ற வேண்டியவைதான், குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று: “டாங்கைக் கழற்றிப் பார்த்தீர்களா?” கவுன்டரில் இருந்த தம்பி ஜாப் கார்டைப் பார்த்து, “அது லிஸ்ட்ல இல்லையே சார்” என்றார். வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பளபளவென்று ஒன்பது கிலோமீட்டர் வந்து, ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருமி இருமி நின்றுபோனது.

போன் பண்ணினேன். மறுநாள் டோயிங் அனுப்புகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள்.

பின்னால் வந்த ஒரு மீன் வண்டிக்காரர் நிறுத்தி, “எங்கூட வாங்கண்ணே, நம்மாளு ஒருத்தர் இருக்காரு” என்று கயிறு கட்டி இழுத்துப்போனார். வேப்பமரம், தகரக் கொட்டகை, தரையெல்லாம் கறுப்பு ஆயில். போர்டுகூட இல்லை. மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது இருக்கும். வண்டியைத் தொடுமுன் என்னை விசாரித்தார். எந்த ஊர், எவ்வளவு நாள் நின்றது, எதை வைத்து மூடினீர்கள், யார் ஸ்டார்ட் பண்ணினார்கள்.

“சித்தப்பா வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணுவாரு, அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணிருவாரு” என்றேன் பெருமையாக.

சிரித்தார். “அதான் கொன்னுருக்கு.”

அவர் விளக்கியதை என் வேலையோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் ஆவியும் வரும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் உள்ளேயே நீராகத் தங்கும். கொஞ்சம் ஆயிலில் கலக்கும், மீதி சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியிலிருந்து போகிற கரண்டை அந்த ஐந்து நிமிடம் திருப்பிக் கொடுக்காது. தார்ப்பாய் அதற்கு மேல். பகல் வெயிலில் தரையின் ஈரம் அதற்குள் ஏறும், ராத்திரி வண்டிமேல் வேர்க்கும். வெளியே போக வழியில்லை. உப்புக் காற்றைத் தடுக்கப் போட்டது உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. பழைய பருத்தி வேட்டியைப் போட்டிருந்தால் போதுமாம்.

பிறகு பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுவரை பெட்ரோலோடு கலந்து கிடக்கும், அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டாங்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் டேப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! அண்ணன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல், கீழே ஒரு விரற்கடை கலங்கல், அதில் மிதக்கும் துருத்தூள். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற பைலட் ஜெட் என்ற சின்னத் துளை அடைத்திருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் உப்பி மடங்கியிருந்தது.

டாங்கைக் கழற்றி, பழைய சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டு, கொஞ்சம் டீசல் ஊற்றி, பட்டறைப் பையனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அரைமணி குலுக்கினோம். கோவிலில் உடுக்கை அடிப்பதுபோல் சத்தம். மூன்று தடவை கழுவிய பிறகே தெளிந்தது. டயஃப்ரத்துக்கு மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வரவேண்டியிருந்தது, ஒன்றரை நாள். அதற்குள் பின் பிரேக்கையும் பார்த்துவிட்டார். பிரேக் பேடைத் தாங்கும் கேலிப்பர் நகர்வதற்கான ஊசி உப்பில் இறுகி, பேடு டிஸ்கைப் பிடித்தபடியே இருந்தது. “கையால சக்கரத்தைச் சுத்திப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும் தம்பி” என்றார். ஏசி ஹாலில் ஒருவரும் சுற்றிப் பார்த்திருக்கவில்லை.

சாமான் போக லேபர் 900 கேட்டார். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை. “சித்தப்பாகிட்ட இத எதையும் சொல்லாதீங்க. மனசு சங்கடப்படும்” என்று மட்டும் சொன்னார்.

சோதனை ஓட்டமாகத் தனுஷ்கோடி. காலை ஐந்து மணிக்கு எடுத்தேன். ஆனி மாதக் கச்சானுக்கு முன்னால் முந்திக்கொள்வதுதான் இந்தப் பக்கத்தில் பயணத் திட்டமே. பத்து மணிக்கு மேல் பாம்பன் சாலைப் பாலத்தில் தெற்கிலிருந்து அடிக்கிற காற்று ஆளையும் வண்டியையும் சேர்த்து எதிர் லேனுக்குத் தள்ளப் பார்க்கும். 1988-ல் திறந்த பாலம். அதன் இணைப்புகளில் உள்ள இரும்புத் தகடுகளில் ஈரமாக இருக்கும்போது பிரேக் தொடவே கூடாது. நடுப்பாலத்தில் செல்ஃபிக்கு நிறுத்துகிறவர்களை என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் அந்த ஆண்டு ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி, 1914-ன் பழைய பாலத்துக்கு அருகே, பேரனும் தாத்தாவும் நிற்பதுபோல் நின்றது.

ராமேஸ்வரத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கப்பால் பங்க் இல்லை. 1964 புயலில் அழிந்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-ல் போட்ட தார்ச்சாலை நேர்கோடு. ஆனால் காற்று சாலைமேல் மணலை விசிறிப் போட்டிருக்கும். தூரத்திலிருந்து நிழல் மாதிரித் தெரிவது பக்கத்தில் வந்தால் நான்கு விரல் மணல். முன்சக்கரம் ஒரு தடவை வழுக்கி உயிர் போய் வந்தது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து ஆயில் விட்டேன். தனுஷ்கோடிக்கு வண்டியில் போகிறவர்கள் அன்று இரவே இதைச் செய்யாவிட்டால் மறுநாள் காலையில் செயினில் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும்.

தேவிபட்டினம், தொண்டி ஒரு நாளில் முடிந்தது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்ததால் மெஸ்ஸில் நல்ல மீன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தூத்துக்குடிப் பயணத்தில்தான் கதை. கீழக்கரை தாண்டி ஏர்வாடிக்கு முன்னால் பின் டயர் இறங்கியது. சீமைக் கருவேல முள். சாலை ஓரம் முழுக்க அதுதான் காடு. விறகு ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து விழுகிற மிலாறு தார்மேல் கிடக்கும். தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்கார காக்கா (இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) டியூபை ஒட்டி முடித்தும் டயரை மாட்டவில்லை. ஒரு பஞ்சுத் துணியை எடுத்து டயரின் உட்புறம் சுற்றிலும் மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் துணி இழுத்தது. கண்ணுக்கே தெரியாத இன்னொரு முள் நுனி. குறடால் உள்பக்கமிருந்து பிடுங்கினார். “மொத முள்ள எடுத்துட்டு ஓடிருவாங்க மச்சான். ரெண்டாவது முள்ளு திருப்பி எங்கிட்டயே கூட்டியாந்துரும்.” கையில் முன்சக்கரத்துக்கான 19 இஞ்ச் டியூப் ஒன்று வைத்திருக்கச் சொன்னார். பின்சக்கரம் 18 இஞ்ச், அவசரத்துக்கு ஸ்ப்ளெண்டர் டியூபைப் போட்டாவது ஊர் சேரலாம். முன்சக்கரத்துக்கு அந்தப் பாதையில் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

சாயல்குடியில் பனையடியில் பதநீர். அதற்கப்புறம் எதிர்காற்று. வழக்கமாக லிட்டருக்கு 34, 35 கொடுக்கிற வண்டி அன்று 28-க்கு இறங்கியது. திரும்பும்போது அதே காற்று முதுகில், கணக்கு நேராகிவிட்டது. ஆனியில் போகிறவர்கள் தெற்கே போகும்போதே பெட்ரோலைக் கூடக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

கிளம்பும் நாள் வந்தது. தார்ப்பாயைப் பரணில் ஏற்றிவிட்டு, பாட்டியின் பழைய நூல் சேலையை வண்டிமேல் போட்டேன். சித்தப்பாவிடம் எதையும் சொல்லாமல் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்திருந்தேன். “சித்தப்பா, மெக்கானிக் சொன்னாரு, இன்ஜினுக்குப் புதுசா வேலை பாத்திருக்காம். வாரம் ஒருதடவ ராமநாதபுரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்தாத்தான் செட் ஆகுமாம்.”

“உன் வண்டிய நான் எங்கயாச்சும் கீழ போட்டுட்டா? அதான் நான் எடுக்குறதே இல்ல” என்றார். வாலிபத்தில் ராஜ்தூத் ஓட்டியவர்.

“விழுந்தா தூக்கிக்கலாம். ஓட்டுங்க.”

மூன்றாவது வாரம், துவாஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ராமநாதபுரம் இல்லை, நேரெதிர்த் திசையில் பாம்பன். பாலத்துக்கு முன்னால் டீக்கடை ஓரம் வண்டி, அதன்மேல் சித்தப்பா, பின்னால் ஹெல்மெட்டோடு சித்தி. கீழே ஒரு வரி: “பெட்ரோல் 300 ஆச்சு, ஜிபே போட்டு விடு.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செயின் கறுப்பாகத்தான் இருந்தது.