பெஞ்ச்மார்க்கா, ஸ்டாப்வாட்சா?

கணினியின் சேமிப்பு டிஸ்க் எவ்வளவு வேகம் என்று அளக்கும் பெஞ்ச்மார்க் மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கை ஓட்டினால், பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி, அதைவிட வேகமான இணைப்பு வகையான என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ 3.0 தலைமுறை) சுமார் 3,500 எம்பி என்று காட்டும். ஆறு மடங்கு! ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து எக்செலைத் திறந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பெரிய எண், நீளமான கோப்பை வரிசையாகப் படிக்கும் வேகம். மென்பொருள் திறப்பதோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் துணுக்குகளைப் பொறுக்கும் வேலை. அதற்கு கிரிஸ்டல்டிஸ்க்மார்க் காட்டும் அட்டவணையின் கடைசி வரி, அதாவது சிதறிய 4 கேபி துணுக்குகளைப் படிக்கும் வேகமான 4கே எண்தான் முக்கியம். பெட்டியில் அச்சடிப்பது அதை அல்ல!

ஸ்டாப்வாட்சும் ஏமாற்றும். ஒருமுறை திறந்து மூடியது ரேமில் தங்கிவிடும், அடுத்த தடவை சட்டென்று வரும். அதனால் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் விட்டு, ஐந்து தடவை அளந்து நடு எண்ணை எடுப்பேன். சலிப்புதான். பெரிய வீடியோக்களைப் பிரதி எடுப்பவருக்கு பெஞ்ச்மார்க்கே போதும்.