ஏழு வருடமாக ஒரே இழைப்புளி

என் தச்சுப் பட்டறையில் அதிகம் கை பட்ட கருவி, மரத்தைச் சீவிச் சமமாக்கும் இந்த 5-ஆம் எண் (அளவைக் குறிக்கும் எண்) இழைப்புளிதான். வாங்கி ஏழு வருடம் ஆகிறது. முதல் வாரமே இதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவன் நான்.

இரும்பு உடம்பு, மரப் பிடி. நீளம் சுமார் 14 அங்குலம், அலகின் அகலம் 2 அங்குலம். அலகு 45 டிகிரி சாய்வில் உட்கார்ந்திருக்கும். பின்னால் இருக்கும் பித்தளைச் சக்கரத்தைச் சுற்றினால் அலகு வெளியே வரும், எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளே போகும். லெனர்ட் பெய்லி என்ற அமெரிக்கர் 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அமைப்பு இது. அவருடைய காப்புரிமைகளை 1869-ல் ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. இன்றைக்கும் பல கம்பெனிகள் அதே அமைப்பில்தான் செய்கின்றன. என்னுடையது அந்த வரிசையில் மலிவான ஒன்று.

மலிவு என்பது அடிப்பாகத்திலேயே தெரிந்தது. இரும்பு ஸ்கேலை நெடுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அலகு வெளிவரும் வாய்க்குப் பக்கத்தில் வெளிச்சம் கசிந்தது. அந்த இடம் குழிந்திருந்தால் மெல்லிய சீவல் வரவே வராது. கனமான கண்ணாடியில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பாகத்தில் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டு, கோடுகள் அழியும்வரை தேய்த்தேன். இரண்டு மாலை போயிற்று. தேய்க்கும்போது அலகு உள்ளே தள்ளி இருக்க வேண்டும், ஆனால் கழற்றிவிடக் கூடாது. அலகைப் பூட்டி இறுக்கும்போது அடிப்பாகம் மயிரிழை வளையும். அந்த வளைவோடுதான் சமப்படுத்த வேண்டும்.

அதற்கு அப்புறமும் பலகையில் திட்டுத் திட்டாக நார் பிய்ந்து வந்தது. நான் கருவியைத் திட்டினேன். அலகைத் தீட்டினேன், மறுபடி திட்டினேன். அவசரத்தில் ஒருமுறை மின்சாரச் சாணையில் வைத்து அழுத்திவிட்டேன். முனை நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் பாய்ந்த எஃகு பதம் இழந்துவிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அந்தப் பகுதி முழுவதையும் கையாலேயே தேய்த்து எறிய வேண்டி வந்தது.

மூன்றாவது வருடம்தான் உண்மை பிடிபட்டது. தண்ணீர் விட்டுத் தீட்டும் இரண்டு கற்கள் வைத்திருக்கிறேன், ஒன்று 1000, இன்னொன்று 6000 (எண் கூடக்கூடக் கல் நைசானது). ஏதோ யோசனையில் 1000 கல்லின் மேல் ஸ்கேலை வைத்தேன். நடுவில் நன்றாகக் குழிந்திருந்தது! குழிந்த கல்லில் எத்தனை நாள் தீட்டினாலும் அலகின் வெட்டுமுனை நேராக வருமா? நடு புடைத்து ஓரங்கள் விலகி, பின்பக்கமும் வளைந்து போயிருந்தது. ஆக, இரண்டு வருடம் இழைப்புளியைத் திட்டியதெல்லாம் கல்லுக்குச் சேர வேண்டியது.

இப்போது தீட்ட உட்காரும் ஒவ்வொரு முறையும் முதலில் கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, சமப்படுத்தும் தகட்டில் கட்டம் மறையும்வரை தேய்க்கிறேன். அலகின் முனையைத் தீட்டும் சாய்வு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30. பின்பக்கம் கட்டைவிரலால் வருடினால் பிசிறு, அதாவது தீட்டும்போது முனையில் மடங்கி நிற்கும் மெல்லிய எஃகு, நெடுக ஒரே சீராகத் தட்டுப்பட வேண்டும். முன்பெல்லாம் அரை மணி நேரம் பிடித்த வேலை இப்போது ஐந்து நிமிடம். கூர் வந்துவிட்டதா என்று பைன் மரத் துண்டை நாருக்குக் குறுக்கே அறுத்த முகத்தில் சீவிப் பார்ப்பேன். பளபளப்பாக வந்தால் சரி, வெளிறி நொறுங்கினால் திரும்பக் கல்லுக்கு.

மரத்துக்கு மரம் கூர் மழுங்குவது மாறும். தேக்கு இழைக்கச் சுகமாக இருக்கும், ஆனால் அதில் சிலிக்கா உண்டு. நல்ல கூரையும் சீக்கிரம் தின்றுவிடும். பிளைவுட்டில் இந்த இழைப்புளியை வைக்கவே மாட்டேன், பசை அடுக்குகள் அலகைக் கெடுத்துவிடும். மகாகனிதான் ரொம்ப நாள் தண்ணி காட்டியது. ஒரு பட்டையில் நார் இந்தப் பக்கம் சாயும், அடுத்த பட்டையில் அந்தப் பக்கம். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பாதி எதிர் நார்தான். அலகின் மேல் திருகி வைத்திருக்கும் மடக்குத் தகட்டை வெட்டுமுனைக்கு ஒட்டி, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் வரை, நகர்த்தினேன். தகடு சீவலை உடனே மடக்கிவிடுவதால் நார் பிய்வதற்கு முன் வெட்டுப்பட்டுவிடுகிறது. சத்தமே மாறியது. டர்ரென்று வந்தது ஸ்ஸென்று ஆனது. சீவல் மட்டும் சுருளாமல் நிமிர்ந்து நேராக வந்தது.

இதை வைத்து ஒரு புத்தக அலமாரி, இரண்டு முக்காலி, ஒரு மேசை செய்தேன். மேசைப் பலகைகளை ஒட்டும்போது இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல் சேர்த்து வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கி, இரண்டு விளிம்பையும் ஒரே நேரத்தில் இழைப்பேன். கோணம் கொஞ்சம் தவறினாலும் விரித்து ஒட்டும்போது ஒன்றின் தவறை இன்னொன்று சரிக்கட்டிவிடும். இரண்டின் கனமும் சேர்ந்து அலகின் அகலத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே மேசை பின்னால் வெடித்தது வேறு கதை. அகலவாக்கில் மரம் விரிந்து சுருங்க இடம் விடாமல் சட்டத்தோடு திருகி இறுக்கியது என் தப்பு.

குறைகள் இன்னும் இருக்கின்றன. பித்தளைச் சக்கரம் திசை மாற்றும்போது முக்கால் சுற்று சும்மா சுற்றும்; பழகிவிட்டது. பின்பிடி அடியில் விரிசல் விட்டது. மரப்பசை ஒரு வருடம் தாங்கியது, அப்புறம் மிச்சமிருந்த தேக்குத் துண்டில் என் உள்ளங்கைக்கு ஏற்ற பிடியை நானே செதுக்கிக்கொண்டேன். ஈரக் காற்றுள்ள மாதங்களில் கை பட்ட இடமெல்லாம் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, இழைக்கும் முன் அடியில் மெழுகுவர்த்தியால் இரண்டு கோடு. மெழுகு போட்டதும் பாதி பலத்திலேயே தள்ள முடிகிறது.

பலகையின் கனத்தை அரை அங்குலம் குறைக்க வேண்டுமானால் மெஷினில் கொடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை கையால் செய்து பார்த்தேன். தோள்பட்டை ஒரு வாரம் பேசவில்லை.

போன மாதம் இதே அளவில் புது அலகு ஒன்று வாங்கினேன். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விரல்நகம் அளவு குட்டை. அதில் பெரும்பகுதி அந்தச் சாணையும் குழிந்த கல்லும் தின்றது. புது அலகின் முனையைக் கொஞ்சம் வளைவாகத் தேய்த்து முரட்டு வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். கடைசி சீவலுக்குப் பழையதைத்தான் மாட்டுகிறேன்.