கம்பைல் செய்த நிரலை நம்ப மறுக்கும் ஆன்டிவைரஸ்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இயங்கும் எங்கள் சிறு நிறுவனம், லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளுக்கான விண்டோஸ் கணக்கு மென்பொருளை எழுதுகிறது. அலுவலகக் கணினிகளில் பல ஆண்டுகளாக ஒரே கட்டண ஆன்டிவைரஸ்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோப்புகளை அது நன்றாகவே கண்காணிக்கிறது. ஆனால் நாங்களே கம்பைல் செய்த (எழுதிய குறிமுறையைக் கணினி இயக்கும் கோப்பாக மாற்றிய) நிரல், ஒருமுறை ஓடிப் பார்ப்பதற்குள் குவாரன்டீனுக்கு, அதாவது சந்தேகக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. சில வேளைகளில் அது கோப்பைப் பிடித்துக்கொள்வதால், நிரலின் பகுதிகளை இணைத்து இறுதிக் கோப்பை உருவாக்கும் லிங்கரே பிழை காட்டி நின்றுவிடுகிறது.

காரணம் புரியாததன்று. ஒரு வரியை மாற்றிக் கம்பைல் செய்தாலும் கோப்பின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) மாறிவிடும். உலகில் வேறெந்தக் கணினியிலும் இல்லாத, வெளியிட்டவரைக் காட்டும் டிஜிட்டல் கையொப்பமற்ற அந்தக் கோப்பை, எவ்வளவு பரவலாக அறியப்பட்டது என்ற நற்பெயர் அடிப்படையில் மதிப்பிடும் கருவி சந்தேகிக்கத்தான் செய்யும். பைத்தான் நிரலை இயக்கக் கோப்பாக மாற்றும் பைஇன்ஸ்டாலரால் கட்டப்பட்ட நிரல்களுக்கு இத்தொல்லை அதிகம், ஏனெனில் அது சேர்க்கும் அதே துவக்கப் பகுதியைத் தீநிரல் எழுதுவோரும் பயன்படுத்துகிறார்கள். கோ என்ற நிரல்மொழியின் அதிகாரபூர்வக் கேள்வி பதில் பக்கமே இத்தகைய தவறான எச்சரிக்கைகளைப் பற்றிப் பேசுகிறது.

இது எங்களை மிகவும் வருத்தியது 2024 ஜனவரி 1 அன்று பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயர்ந்தபோதுதான். எல்லாக் கடைகளுக்கும் ஒரே நேரத்தில் புதிய பதிப்பு தேவைப்பட்ட அந்த நாளில், அப்பதிப்புக்கு எவ்வித நற்பெயரும் சேர்ந்திருக்கவில்லை. கல்லாவில் வாடிக்கையாளர் காத்திருக்க, திரையில் வைரஸ் எச்சரிக்கையைப் பார்க்கும் கடைக்காரரிடம் ஹேஷைப் பற்றி விளக்குவது நியாயமாகாது.

ஆன்டிவைரஸையே நிறுத்திவிடலாம் என்போரை நான் ஏற்கவில்லை. 2009இல் வெளிப்பட்ட இன்டக் வைரஸ் டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியின் நூலகக் கோப்பையே மாற்றியதால், தொற்றிய கணினியில் அதன்பின் கம்பைல் ஆன ஒவ்வொரு நிரலும் தொற்றோடு வெளிவந்தது. ஆகவே கம்பைல் ஆன கோப்புகள் சேரும் பில்ட் கோப்புறையை மட்டும் ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். வெளியிலிருந்து பதிவிறக்கும் நிரல் நூலகங்களுக்கு விலக்கில்லை. வெளியீட்டுக்கு முன், எந்த விலக்கும் இல்லாத தனிக் கணினியில் முழுமையாகச் சோதிக்கிறோம்.

மிகுந்த பலன் தந்தது டிஜிட்டல் கையொப்பம். 2023 ஜூன் முதல் கையொப்பமிடப் பயன்படும் ரகசியத் தனித் திறவுகோலைப் பாதுகாப்பான வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்பதால் செலவும் சிரமமும் கூடின. ஆயினும் எச்சரிக்கைகள் வெகுவாகக் குறைந்தன. தவறான எச்சரிக்கையைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினால் திருத்துகிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் அந்த ஒரு கோப்புக்கே பொருந்துகிறது. கோப்புறையை வைத்தன்றி, கையொப்பச் சான்றிதழை வைத்து விலக்களிக்கும் வசதி எங்கள் பதிப்பில் இல்லை. அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கும் முன் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.