சம்பள நாளில் லயத்துக்கு வரும் வேனில் ரைஸ் குக்கர் வாங்காதீர்கள்

போன மாதம் 10ஆம் திகதி, அம்மா சம்பளம் வாங்கி வந்த சாயங்காலம், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. ஒலிபெருக்கி, சுரண்டிப் பார்க்கும் பரிசுச் சீட்டு, 'ஒரு வருட வொரண்டி' என்று பெரிய ஆரவாரம். 1.8 லீற்றர் ரைஸ் குக்கர் 8,500 ரூபா. அது அம்மா பல நாள் கொழுந்து பறித்த காசு. விடியற்காலை எழும்பி ஈர விறகை ஊதி ஊதியே அம்மாவுக்கு இருமல் நிற்பதில்லை. அதனால் நான்தான் வாங்கச் சொன்னேன்.

மூன்று நாள் சோறு ஒழுங்காக வெந்தது. நாலாம் நாள் சுவிட்ச் மேலே வரவே இல்லை. தீய்ந்த வாடை வந்து அம்மா ஓடிப்போய்த் தொட்டதும் கரண்ட் அடித்துக் கையை உதறினார். நல்லவேளை, கால் காய்ந்த பலகையில் இருந்தது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "மலைநாட்டில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் தங்கச்சி, குக்கருக்கு அது பழக வேண்டும்" என்றார். இந்தப் பேச்சுக்கு மட்டும் யாரும் ஏமாறாதீர்கள். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிப்பது உண்மைதான். நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதனால் சோறு வேகக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். ஆனால் சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் வற்றியதும் சட்டியின் அடி 100 பாகையைத் தாண்டும். அப்போது நடுவில் இருக்கும் காந்தம் பிடியை விட, ஸ்பிரிங் சுவிட்சைத் தள்ளிவிடும். மலையிலும் கொழும்பிலும் அது ஒன்றுதான்.

டவுனில் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். திருகாணிகளின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதன் இடுக்கில் காய்ந்த பருப்பு ஒன்று. நாங்கள் அதில் பருப்பே வேகவைக்கவில்லை! யாரோ பாவித்த குக்கருக்குப் பெயின்ட் அடித்துப் புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பிளக்கில் மூன்று பின் இருந்தும் எர்த் வயர் உள்ளே எதிலும் பூட்டப்படவில்லை. உள்ளே கசிந்த கரண்ட் அம்மாவுக்கு அடித்தது அதனால்தான். அப்புறம் சட்டியில் தண்ணீர் ஊற்றி அளந்தோம், ஒன்றரை லீற்றர்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. பில்லில் முகவரியும் இல்லை, வெறும் ரப்பர் முத்திரைதான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு அழைத்து முறையிடலாம், ஆனால் யார் மேல் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

அடுத்த 10ஆம் திகதி உங்கள் தோட்ட டிவிஷனுக்கு வேன் வரலாம். சட்டியைத் தூக்கி நடுக் குமிழை அழுத்திப் பாருங்கள், உடனே துள்ளி மேலே வர வேண்டும். குக்கரைக் கவிழ்த்துத் திருகாணிகளைப் பாருங்கள். கடைப் பெயரும் முகவரியும் உள்ள பில் கையில் வரும்வரை காசை எடுக்காதீர்கள்.