கனடா பி.ஆர். ஃபைலில் கைக்குழந்தையை மறைக்கச் சொன்ன ஏஜென்ட்

பெங்களூரில் ஏஜென்ட் மூலமாக கனடா பி.ஆருக்கு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள், அதிலும் நடுவில் குழந்தை பிறந்திருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்களுக்குப் பணமும் போனது. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. பெற்ற மகனையே எங்கள் குடும்பத்தில் இல்லாதவனாகக் காட்ட இருந்தோம்.

நானும் கணவரும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறோம், வீடு ராமமூர்த்தி நகரில். புள்ளி பார்த்து ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், 2024 ஏப்ரல் 11 அன்று ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் குறைந்தது 491 புள்ளி இருந்தவர்களுக்கு பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு போனது. அதில் எங்களுக்கும் வந்தது. நான் அப்போது நான்கு மாதம் கர்ப்பம். அழைப்பு வந்த 60 நாளுக்குள் எல்லா ஆவணங்களையும் ஏற்ற வேண்டும். எனக்கு வாந்தி நிற்கவில்லை, அவருக்கு ஆபீஸில் ராத்திரி பகல் வேலை. பக்கத்து ஃபிளாட்டில் சொன்னார்கள் என்று இந்திரா நகரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். அங்கே இருந்தவர் தருமபுரிப் பக்கம். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டார். சுவரில் லைசென்ஸ் என்று ஃபிரேம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. மொத்தம் 1,20,000 ரூபாய் என்று பேச்சு. பாதியை அன்றைக்கே அவருடைய சொந்த போன் நம்பருக்கு ஜிபேயில் அனுப்பினோம். "ஜிஎஸ்டி பில் போட்டா உங்களுக்குத்தான்க்கா வீண் செலவு" என்றார். நம்ம ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் சரி என்றோம்.

ஜூன் முதல் வாரம் விண்ணப்பம் போனது. மெடிக்கலுக்குக் கடிதம் வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். மார்பு எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். செப்டம்பரில் மகன் பிறந்தான். ஏஜென்ட்டுக்கு அன்றே வாட்ஸ்அப்பில் சொன்னோம். வாழ்த்துச் சொல்லிவிட்டு, "இப்போதைக்கு ஃபைல்ல எதையும் தொட வேண்டாம்க்கா" என்று முடித்துக்கொண்டார்.

நாற்பது நாள் கழித்து எக்ஸ்ரேவுக்குப் போனேன். பால் கொடுக்க வேண்டுமே என்று அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் அவனைப் பார்த்துவிட்டு, "இவனை ஃபைல்ல சேர்த்தாச்சா மேடம்? இவனுக்கும் மெடிக்கல் பண்ணணுமே" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அன்று மாலையே ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மூணு பேர்னா ஃபண்ட் அதிகம் காட்டணும்க்கா. ஃபைல் தள்ளிப் போயிடும். நீங்க ரெண்டு பேரும் முதல்ல போய் இறங்குங்க. தம்பியை அம்மாகிட்ட விட்டுட்டுப் போங்க, அங்க போனதும் ஸ்பான்சர் பண்ணிக்கலாம். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

இதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருந்தது. போய் இறங்கியதும் செலவுக்குக் கையில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2024-இல் அது இரண்டு பேருக்கு 18,288 கனடா டாலர், மூன்று பேருக்கு 22,483. நம் கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய் கூடுதல். அதனால்தான் கணவரும் ஒரு நிமிடம் யோசித்தார். இரவு குழந்தை தூங்கியதும் கனடா குடியேற்றத் துறையின் தளத்தை நானே உட்கார்ந்து படித்தேன். விதி இதுதான்: விண்ணப்பம் போட்ட பிறகு, அந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன், எப்போது குழந்தை பிறந்தாலும் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கூட அழைத்துப் போகாவிட்டாலும் பெயரைச் சொல்லி, மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். சொல்லாமல் விட்ட குழந்தையைப் பிறகு குடும்ப ஸ்பான்சரில் கொண்டுவர முடியாது. 2019-இல் இதற்குத் தற்காலிகச் சலுகை ஒன்று கொண்டுவந்தார்கள். ஆனால் அதை நம்பி யாராவது பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்களா? போதாததற்கு, தெரிந்தே மறைத்தால் தவறான தகவல் தந்ததாக ஐந்து ஆண்டு தடை வேறு.

மறுநாள் நேரில் போய், சேர்த்தே ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னோம். உடனே பேச்சு மாறியது. குழந்தையைச் சேர்க்க 75,000 ரூபாய், "கவர்ன்மென்ட் ஃபீஸ்க்கா" என்றார். உண்மையில் சார்ந்திருக்கும் குழந்தைக்கு அப்போது அரசுக் கட்டணம் 260 கனடா டாலர், அதாவது 16,000 ரூபாய் சுற்றி. பாஸ்போர்ட் எடுத்துத் தரத் தனியாகப் பதினைந்தாயிரம் கேட்டார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசு வாங்குவது 1,000 ரூபாய், தட்கால் என்றால் இன்னும் 2,000.

சரி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம், லாகின் கொடுங்கள் என்றோம். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. குடியேற்றத் துறைத் தளத்தில் எங்கள் விண்ணப்பக் கணக்கு முழுக்க அவருடைய மின்னஞ்சலில் இருந்தது. பாஸ்வேர்டு தர மறுத்தார். காசு வாங்கிக்கொண்டு ஃபைல் பார்ப்பவர் பிரதிநிதி என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் போடாமல், நாங்களே விண்ணப்பித்த மாதிரி அனுப்பியிருந்தார். சுவரில் பார்த்த சான்றிதழின் எண்ணை குடியேற்றக் கன்சல்டன்ட்களுக்கு லைசென்ஸ் கொடுத்து முறைப்படுத்தும் கனடா அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடினோம். ஆர் என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட எண் அது. வேறு யாரோ ஒருவருடையது என்று வந்தது. பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து இதைப் பார்த்திருக்கலாம்.

நல்ல வேளை, விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதத்தை முன்பே பிடிஎஃப்பாக அனுப்பியிருந்தார். அதில் ஈ என்று தொடங்கும் விண்ணப்ப எண் இருந்தது. அதை வைத்து குடியேற்றத் துறையின் வெப்ஃபார்மில் நாங்களே எழுதினோம். மகன் பிறந்தது, எங்கள் சொந்த மின்னஞ்சல், ஏஜென்ட் செய்தது எல்லாவற்றையும் சொல்லிப் பிறப்புச் சான்றிதழையும் இணைத்தோம். மருத்துவமனைப் பதிவில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, அதை முதலில் சேர்த்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும். நம்மைப்போல இனிஷியல் போடுகிறவர்கள் அப்பா பெயரை விரித்து எழுதி, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் போட்டோவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். வெள்ளை பெட்ஷீட்டில் படுக்கவைத்து, கண் திறக்கும் வரை காத்திருந்து, நாற்பது படம் எடுத்தோம். லால்பாக் சாலை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஒரு காலையில் வேலை முடிந்தது.

சில வாரத்தில் குடியேற்றத் துறையிலிருந்து பதில் வந்தது. குழந்தைக்குப் படிவம், கட்டணம், மெடிக்கல் மூன்றும் கேட்டிருந்தார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எக்ஸ்ரேயும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. எடை, உயரம், தலைச் சுற்றளவு பார்த்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்தார்கள். கைரேகையும் பதினான்கு வயதுக்குக் கீழ் கிடையாது. இதைச் செய்யத்தான் அந்த மனிதர் 75,000 கேட்டார்.

2025 ஜூனில் மூன்று பேருக்கும் விசா வந்தது. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த அறுபதாயிரம் இன்னும் திரும்ப வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை. பில் இல்லாததால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும்தான் எங்கள் கையில் இருக்கும் சாட்சி. உங்கள் பேச்சுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் விண்ணப்ப எண் இருக்கும் கடிதத்தை மட்டுமாவது முதலில் வாங்கிவிடுங்கள்.