மூன்று பருவமழை பார்த்த செயற்கைக்கோள் மழைக்கணக்கு: அந்தக் காலை ஐந்தரை மணி

திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவிப் பக்கம் வேலை பார்க்கிற ஆசிரிய நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, அந்த சாட்டிலைட் மழைக்கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டுதீங்களே, அது தேறுமா? நாங்களும் ஆரம்பிக்கலாமா?" அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோள் 2014இல் போனது, அதையும் மற்ற செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் போடும் மழைக்கணக்கான ஐமெர்க் தரவு அரை மணிக்கு ஒன்று வருவது, காசு கிடையாது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். மூன்று வடகிழக்குப் பருவமழை அதை வைத்துப் பாடம் நடத்தியாயிற்று. என்னை விடாமல் படுத்துவது ஒன்றுதான்: ஒரு நாள் எப்போது தொடங்குகிறது?

எங்களிடம் பிள்ளைகள் செய்த மழைமானி இருக்கிறது. தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடியில் இருக்கும் மேடுபள்ளம் மூடும்வரை கூழாங்கல் போட்டு, மட்டம் தெரியத் தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் பூஜ்யக் கோடு. வானிலைத் துறை அளப்பது போலவே காலை 8.30க்கு அளக்கிறோம். செயற்கைக்கோளின் தினசரித் தொகுப்போ கிரீன்விச் நேரப்படி. நமக்கு அது காலை 5.30 முதல் மறுநாள் 5.30 வரை.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடிய நாலு மணிக்குப் பிடித்த மழை ஏழு மணிக்குத்தான் விட்டது. பாட்டிலில் அது ஒரே அளவு. திரையில் பாதி முந்தின நாளில், மீதி அன்றைக்கு. எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து, "சார், ஒரே மழைதான பெஞ்சுது, இதுல ஏன் ரெண்டு நாளாப் போட்டிருக்கு?" என்றான். மழை பற்றிப் பேச வேண்டிய பாடவேளை முழுக்கக் கடிகாரத்தில் போனது. செயற்கைக்கோள் மழைப்படத்தில் தேதி மட்டும் இருக்கிறது. நம் ஊர் நேரம் எது என்று ஆசிரியர்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

இதற்கு வழி உண்டு. தினசரித் தொகுப்பை விட்டுவிட்டு, கிரீன்விச் 3 மணியிலிருந்து 48 அரைமணித் தரவுகளை எடுத்துக் கூட்டினால் நம் 8.30 கணக்கு வந்துவிடும். அதில் இருப்பது மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம். ஆகவே ஒவ்வொன்றையும் பாதியாக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். நான்கு குழுவுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு என்று பிரித்துக் கொடுப்பேன். ஆனாலும் ஒரு நாள் மழைக்கு ஒரு வகுப்பே போய்விடுகிறது.

சரி, மூன்று வருஷமாக ஏன் விடவில்லை? ஆனி, ஆடியில் அந்தப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் கேரளம் முழுக்க நிறம், நம் பக்கம் வெறுமை. வயலில் மழை இல்லாமல், மலைமழை தரும் அணைத் தண்ணீரில் கார் சாகுபடி (அந்த மாதங்களின் நெல் போகம்) எப்படி நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் தாங்களாகவே செய்தித்தாளில் பாபநாசம் அணை நீர்மட்டத்தைப் பார்த்துப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள். 143 அடியில் இன்றைக்கு எத்தனை என்று என்னிடமே கேட்பார்கள்.

அப்புறம் சாரல். தாழ்ந்த மேகத்தில் பனித்துகள் குறைவு. நிலத்தின் மேல் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி பெரும்பாலும் பனித்துகளை வைத்தே மழையை உணர்வதால், மலைச்சாரல் குறைவாகப் பதியும். படத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் அகலம் என்பதால் மலையும் அடிவாரமும் சேர்ந்தே விழும். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "அப்போ குற்றாலத்துல அருவி விழுறது அதுக்குத் தெரியாதா சார்?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே இந்த மூன்று வருஷமும் தகும்.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் எடுத்துப் பார்த்தோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த நாள் அது. யாரும் பேசவில்லை. படத்தில் தங்கள் ஊர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு இன்றைக்கு என் பதில்: இந்த வருஷம் வேண்டாம். இன்று விடியற்காலை மழையும் இரண்டாகப் பிளந்துதான் கிடக்கிறது, நாளைக்கு அதை மறுபடி கூட்ட வேண்டும். நீங்கள் முதலில் பாட்டிலை வெட்டுங்கள். ஒரு பிசானம் (வடகிழக்குப் பருவமழையோடு வரும் நெல் போகம்) முழுக்க 8.30க்கு அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து அரைமணித் தரவைக் கூட்டுவோம்.