பன்னீர் சோடாவா, பொவண்டோவா?

விருந்துக்கு எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

சுவை: பொவண்டோவில் திராட்சைச் சாயல். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் தயாரிப்பு. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி. பன்னீர் சோடாவில் ரோஜா மணம். அது ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரசிகர்கள் தேடி அலைவதும் அந்த வித்தியாசத்துக்காகத்தான். முதல்முறை குடிப்பவருக்கு மட்டும் சென்ட்டைக் குடித்த மாதிரி இருக்கலாம்.

மிச்சம் வைக்க: பொவண்டோ பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடினால் மறுநாளும் குடிக்கலாம். கோலி பாட்டில் பன்னீர் சோடாவை அப்படி வைக்க முடியாது. உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தம்தான் கோலியைக் கழுத்தில் நிறுத்துகிறது. அது போனால் மூடியும் போச்சு. அப்புறம், காலி பாட்டிலைக் கடையிலேயே கொடுக்கணும்.

பிரியாணிப் பந்திக்குப் பொவண்டோ. வெயிலில் வந்து பெட்டிக்கடையில் நிற்பவருக்குப் பன்னீர் சோடா, நன்றாகக் குளிர்ந்திருந்தால் மட்டும்.